வீட்டுச் சோப்பு ஏன் கெட்டது? அறிகுறி பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

கெட்டுப்போன சோப்புக் கட்டியைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்து காட்டுகிறவர்கள், என்ன ஆயிற்று என்று சொல்வதற்கு முன்பே குற்றம் யார் மேல் என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். செக்கு எண்ணெய் கலப்படம் என்பார்கள், இல்லாவிட்டால் வாசனைத் தைலம் மட்டம் என்பார்கள். நான் பார்த்தவரை முதல் குற்றவாளி தராசு. அடுத்தது, எண்ணெயைச் சோப்பாக்கும் கடுங்காரமான காஸ்டிக் சோடாவின் டப்பா. எண்ணெய் மூன்றாவதாகத்தான் வரும். கீழே உள்ள சோதனைகளும் பெரும்பாலும் அந்த வரிசையில்தான் போகின்றன: காசு செலவில்லாதது முதலில், செலவு வைப்பது கடைசியில்.

முழுவதையும் படிக்கத் தேவையில்லை. கோளாறு எங்கே கண்ணில் பட்டதோ அந்தத் தலைப்புக்குப் போனால் போதும். கணக்குச் சொல்ல வசதியாக ஓர் அளவை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: தேங்காயெண்ணெய் 500 கிராம், கடலையெண்ணெய் 400, விளக்கெண்ணெய் 100, காஸ்டிக் சோடா 150, தண்ணீர் 300. இந்த எண்ணெய் முழுவதும் சோப்பாக மாற ஏறத்தாழ 159 கிராம் காஸ்டிக் வேண்டும். ஒன்பது கிராம் குறைத்திருப்பது தோலுக்காக. அந்த ஒன்பது கிராம்தான் உங்களுக்கு இருக்கும் இடைவெளி. தராசு அதை விழுங்கிவிட்டால் கட்டி தோலைச் சுடும்.

## காஸ்டிக் உடம்பில் பட்டுவிட்டது

இதற்கு மட்டும் சோதனை கிடையாது. பட்ட துணியைக் கழற்றிவிட்டு, ஓடும் குழாயடியில் குறைந்தது இருபது நிமிடம் கழுவ வேண்டும். வினிகர், எலுமிச்சைச் சாறு, மஞ்சள், வெண்ணெய், பற்பசை எதையும் வைக்கக் கூடாது. அமிலத்தை ஊற்றிக் காரத்தை முறிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்; தோலின் மேல் அந்த வேலையைச் செய்தால் சூடும் சேர்ந்துகொள்ளும். தோல் வெளுத்தோ கொப்புளித்தோ இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

கண்ணில் தெறித்திருந்தால் இமையை விரித்துப் பிடித்து இருபது நிமிடத்துக்குக் குறையாமல் தண்ணீர் விட்டபின், வலி நின்றிருந்தாலும் கண் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். குழந்தை வாயில் வைத்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. காஸ்டிக் பாக்கெட்டையும் கையில் எடுத்துக்கொண்டு நேராக மருத்துவமனை.

## வாளியிலேயே கோளாறு

### கரைசல் சாம்பல் நிறமாகி நுரைத்துப் பொங்குகிறது

பாத்திரத்தைப் பாருங்கள். இண்டாலியமோ அலுமினியமோ என்றால் காரணம் அதுதான். காஸ்டிக் அலுமினியத்தைத் தின்று ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது. ஜன்னலைத் திறந்துவிட்டு, அடங்கும்வரை விலகி நில்லுங்கள். அந்தக் கரைசல் சோப்புக்கு ஆகாது. எவர்சில்வர் அல்லது கனமான பாலிபுரோப்பிலீன் வாளி, இரண்டில் ஒன்றைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். ஹேண்ட் பிளெண்டரின் அடிப்பாகமும் எவர்சில்வர்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பாத்திரம் சரி, ஆனாலும் பொங்கியது என்றால் காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றியிருப்பீர்கள். தண்ணீரில்தான் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். கழிவுக்குழாய் அடைப்பு நீக்க விற்கும் தூளை வாங்கிப் போட்டிருந்தாலும் இப்படி ஆகும். அதில் வேறு சரக்கும் கலந்திருக்கக்கூடும்.

### கலவை சட்டென்று இறுகிவிட்டது

முதலில் காப்பாற்றுங்கள், காரணம் பிறகு. இன்னும் கரண்டி உள்ளே போகிறது என்றால் பிளெண்டரை நிறுத்திவிட்டு, அழகு பார்க்காமல் அச்சில் அழுத்தித் தட்டுங்கள். கரண்டியே நிற்கிறது என்றால் பாத்திரத்தோடு வெந்நீரில் இறக்கி மெல்ல சூடாக்கினால் இளகும். அப்படியே வேகவைத்த சோப்பாக முடித்துவிடலாம். வழவழப்பு இருக்காது, குளிக்க நன்றாகவே இருக்கும்.

காரணம் தேடும்போது இந்த வரிசையில் போங்கள். வாசனை ஊற்றிய கையோடு இறுகியதா? அப்படியானால் வாசனைதான். கிராம்புத் தைலம், லவங்கப்பட்டைத் தைலம், மல்லிகை போன்ற பூ வாசனைகள் பல இந்த வேலையைச் செய்யும். அடுத்த முறை அதைக் கடைசியில் ஊற்றி, பிளெண்டரைத் தொடாமல் கரண்டியால் மட்டும் கிளறுங்கள். வாசனை ஊற்றும் முன்பே இறுகியதா? சூடு. காஸ்டிக் கரைந்ததும் தண்ணீர் 80, 90 டிகிரிக்கு ஏறும். சித்திரை மாதத்து ஈரோட்டிலும் கரூரிலும் அது இறங்கவே இறங்காது. ஒரு மணி நேரம் கழித்தும் வாளியைத் தொட முடியாது. தண்ணீரில் பாதியைப் பனிக்கட்டியாக எடைபோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெயும் கரைசலும் 35 முதல் 45 டிகிரிக்குள் வந்தபின் கலந்தால் பூவேலை, வண்ணச் சுழி எல்லாவற்றுக்கும் கை ஓயும்வரை நேரம் கிடைக்கும்.

சூடும் இல்லை, வாசனையும் இல்லை என்றால் பிளெண்டரை விடாமல் ஓட்டியிருப்பீர்கள். சில விநாடி ஓட்டம், சில விநாடி கைக்கிளறல் என்று மாற்றி மாற்றிச் செய்ய வேண்டிய வேலை அது.

### கெட்டியானது மாதிரி இருந்தது, அச்சில் ஊற்றியதும் பிரிந்துவிட்டது

இது மார்கழிக் கோளாறு. தேங்காயெண்ணெய் 24 டிகிரியை ஒட்டி உறையும். கோவையில் அதிகாலையில் அதைவிடக் குளிர்ந்திருக்கும். அந்த நேரத்தில் கலந்தால், கலவை சோப்பாகி இறுகுகிறதா, எண்ணெய் உறைந்து இறுகுகிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. கரண்டியால் மேலே கோடு போட்டால் கோடு நிற்கும், பதம் வந்துவிட்டது என்று ஊற்றிவிடுவீர்கள். பிறகு காரம் வேலை செய்து சூடு கிளம்ப, உறைந்த எண்ணெய் இளகி மேலே வந்து நிற்கும்.

வாளியில் இருக்கும்போதே சந்தேகம் வந்தால் வாளியை வெந்நீரில் வைத்து நாற்பது டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். இளகித் தண்ணீரானால் அது பொய்ப் பதம். மீண்டும் அடித்துக் கலக்குங்கள். அச்சில் பிரிந்துவிட்டிருந்தால் எல்லாவற்றையும், கசிந்த நீர் உட்பட, வாளிக்குத் திருப்பி இதையே செய்யலாம். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கீழே தேங்கிய நீர் முழுக் காரம்.

## அச்சில், முதல் இரவு

### நடுவில் பிளந்து பொங்கி வழிகிறது

சேர்த்ததில் இனிப்பு இருக்கிறதா? தேன், கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, பால், இளநீர் எதுவானாலும் அதில் உள்ள சர்க்கரை சூட்டைக் கிளப்பும். மேல் பிளவு மட்டும் என்றால் கையுறை போட்ட விரலால் தடவிவிட்டு, போர்வையை எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். வழிகிறது என்றால் பெரிய எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றிக் கிளறி, சூடு தணிந்தபின் திரும்ப அச்சில் தட்டுங்கள். ஆட்டுப்பால் சோப்புச் செய்கிறவர்கள் பாலைப் பனிக்கட்டியாக உறையவைத்து அதன் மேல் காஸ்டிக்கைத் தூவினால் பால் கருகாது, அடுத்து அச்சில் பொங்குவதும் குறையும்.

### மூன்று நாளாகியும் அச்சிலிருந்து வரவில்லை, பிசுபிசுக்கிறது

முதலில் தண்ணீரைப் பாருங்கள். அளவுக்கு மேல் ஊற்றியிருந்தால் ஒரு வாரம் பொறுங்கள், தானாக இறுகும். தண்ணீர் சரியாக இருந்தால் காஸ்டிக் டப்பாவைத் திறந்து பாருங்கள். செதில்கள் தனித்தனியாகச் சலசலவென்று விழ வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருந்தால் அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துவிட்டது. 150 கிராம் நிறுத்துப் போட்டிருப்பீர்கள். அதில் பத்தில் ஒரு பங்கு ஈரம் என்றால் உண்மையில் போட்டது 135 தான். எண்ணெயில் ஏறத்தாழ 15 சதவீதம் சோப்பாகாமல் நிற்கும். பிசுபிசுக்காமல் என்ன செய்யும்?

திருப்பூரிலும் ஈரோட்டிலும் சாயப்பட்டறைகளுக்காக வரும் காஸ்டிக் சில்லறைக் கடைகளில் மூட்டையைப் பிரித்து நிறுத்துத் தரப்படுகிறது. விலை குறைவுதான். மூட்டை எப்போது பிரிக்கப்பட்டது என்பதைக் கடைக்காரரும் சொல்ல மாட்டார். முத்திரை பிரிக்காத, சுத்தம் 98 சதவீதம் என்று அச்சிட்ட சிறு டப்பா வாங்குங்கள். இந்தப் பொழுதுபோக்கில் சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் இது.

காஸ்டிக்கும் புதிது என்றால்தான் எண்ணெயைச் சந்தேகிக்க வேண்டும். தேங்காயெண்ணெய் என்று வாங்கியதை ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். உறைய வைக்கும் பகுதியில் வேண்டாம். நல்லெண்ணெயோ வேறு எண்ணெயோ கலந்திருந்தால் தேங்காயெண்ணெய் உறைந்தபின் அது மட்டும் தனியே நீர்மமாக நிற்கும். கனிம எண்ணெய் கலந்திருந்தால் அது எந்தக் காலத்திலும் சோப்பாகாது. எத்தனை வாரம் காயவைத்தாலும் கட்டி வழுக்கும். அந்த எண்ணெயை மில்லில் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள்.

## வெட்டும்போது உதிர்கிறது

இந்த ஒரு கோளாறுக்குத்தான் நான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். சில சமயம் இது வெறும் அழகுக்குறை, சில சமயம் ஆபத்து. பார்த்த மாத்திரத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

பிரித்துப் பார்க்கும் வழி நாக்கு. அச்சிலிருந்து எடுத்து இரண்டு நாளானபின், ஈர விரலைக் கட்டியின் மேல் தேய்த்து, அந்த விரலை நாக்கு நுனியில் லேசாக ஒற்றுங்கள். சோப்பு ருசி மட்டும் வந்தால் காரம் மிஞ்சவில்லை. பேட்டரி முனையை நாக்கில் வைத்தால் வருமே, அந்தச் சுரீர் வந்தால் காரம் மிச்சம் நிற்கிறது. உடனே வாயைக் கொப்பளியுங்கள். பி.எச் தாளை மட்டும் நம்ப வேண்டாம். நல்ல சோப்பும் 9, 10 என்றுதான் காட்டும்.

### சுரீர் இல்லை

தேங்காயெண்ணெய் அதிகம் போட்டு, வெட்டத் தாமதித்திருக்கிறீர்கள். பத்தில் எட்டுப் பங்கு தேங்காயெண்ணெய் இருந்தால் ஊற்றிய அன்றே, ஆறு எட்டு மணி நேரத்தில் வெட்டிவிட வேண்டும். மறுநாள் வெட்டினால் கத்தி இறங்கும் இடத்தில் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். அந்தக் கட்டியை இதமான சூட்டில் சிறிது நேரம் வைத்தபின் வெட்டிப் பாருங்கள். உதிர்ந்தவற்றை அடுத்த சோப்பில் வண்ணத் துணுக்குகளாகப் போடலாம். வேண்டுமென்றே செய்ததுபோல இருக்கும்.

### சுரீர் இருக்கிறது

மூன்று கேள்விகள்.

எண்ணெயை லிட்டரில் அளந்தீர்களா? எங்கள் ஊர்ப்பக்கத்தில் செக்கு எண்ணெயைப் பெரும்பாலும் லிட்டர் கணக்கில் வாங்குகிறோம். ஒரு லிட்டர் பாட்டிலை அப்படியே கவிழ்த்து ஒரு கிலோ என்று கணக்கு வைத்துவிடுகிறார்கள். ஒரு லிட்டர் எண்ணெய் ஏறத்தாழ 915 கிராம்தான். அதை முழுவதும் சோப்பாக்க 145 கிராம் காஸ்டிக் போதும். நீங்கள் 150 போட்டுவிட்டீர்கள். தோலுக்காக விட்ட இடைவெளி போய், ஐந்து கிராம் மிஞ்சியும் நிற்கிறது. சுரீர் கட்டிகளில் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். பல நேரம் இரண்டாவது கேள்விக்குப் போக வேண்டியிருப்பதில்லை.

எண்ணெயை மாற்றினீர்களா? தேங்காயெண்ணெய் விலை ஏறும்போதெல்லாம் இந்தக் கோளாறு தலைதூக்கும். தேங்காயெண்ணெய்க்குப் பதில் அதே எடைக்குக் கடலையெண்ணெய் ஊற்றிவிட்டு, காஸ்டிக்கை மாற்றாமல் விட்டுவிடுகிறார்கள். ஒரு கிராம் தேங்காயெண்ணெய் 0.183 கிராம் காஸ்டிக் எடுக்கும், கடலையெண்ணெய் 0.136 தான் எடுக்கும். மேலே சொன்ன அளவில் 500 கிராம் தேங்காயெண்ணெயையும் கடலையாக மாற்றினால் தேவை 135 கிராம். 150 போட்டால் பதினைந்து கிராம் காரம் அப்படியே கட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். நல்லெண்ணெய் 0.134, விளக்கெண்ணெய் 0.128, பாமாயில் 0.141. எந்த எண்ணெயை மாற்றினாலும் கணக்கைத் திரும்பப் போட வேண்டும்.

இரண்டுக்கும் இல்லை என்றால் தராசு. மளிகைக்கடையில் முத்திரை குத்திய எடைக்கல் ஒன்றை ஐந்து நிமிடம் கேட்டு வாங்கி வைத்துப் பாருங்கள். பெரிய எடையில் சரியாகக் காட்டும் சமையலறைத் தராசு சின்ன எடையில் பொய் சொல்லும். ஆகவே 100 கிராம் கல்லும் வைத்துப் பார்க்க வேண்டும். பேட்டரியை மாற்றுங்கள். அப்போதும் தவறினால் தராசு பழுதுபார்க்கும் கடையில் கொடுங்கள். வீட்டிலேயே திருகாணியைக் கழற்றிச் சரிசெய்வது வீண். பழுதுக்கூலி தராசு விலையை நெருங்கினால் ஒரு கிராம் துல்லியமுள்ள புதியது வாங்கிவிடுவதே மேல்.

எவ்வளவு காரம் மிஞ்சியது என்று கணக்குத் தெரிந்தால் கட்டியைத் துருவி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, எவர்சில்வர் பாத்திரத்தில் வெந்நீர்ச் சூட்டில் இளக்கி, அதற்கு ஈடான எண்ணெயைச் சேர்த்து, நாக்கில் சுரீர் நிற்கும்வரை கிளறலாம். கணக்குத் தெரியாவிட்டால் தூக்கிப் போடுங்கள். பாத்திரம் தேய்க்கப் பயன்படுத்தலாமே என்பார்கள். பாத்திரம் தேய்ப்பதும் கைதானே.

### வெட்டிய முகத்தில் ஓட்டையும், அதிலிருந்து கசியும் நீரும்

கலக்கல் போதாமல் காஸ்டிக் கரைசல் குமிழ் குமிழாகத் தங்கிவிட்டது. வெள்ளைக் கோடுகள் மட்டும் தெரிந்து, அதில் சுரீர் இல்லை என்றால் பயமில்லை; தண்ணீரும் சூடும் கூடினால் கிளிசரின் ஓடிய தடங்கள் அப்படித் தெரியும். சிலருக்கு அது பளிங்குக் கோடு மாதிரி பிடித்தும்விடுகிறது.

## நிறம் மாறிவிட்டது, பூ கருகிவிட்டது

அழகுச் சோப்புச் செய்கிறவர்கள் அதிகம் மனம் உடையும் இடம். பெரும்பாலும் இங்கே கோளாறே இல்லை. காரத்தின் முன் அந்தப் பொருள் நிற்காது, அவ்வளவுதான்.

### மஞ்சள் போட்டேன், ரத்தச் சிவப்பாகிவிட்டது

ஆலம் சுற்றும் தட்டில் மஞ்சள்நீரில் சுண்ணாம்பைக் கலந்தால் என்ன ஆகிறதோ அதுவே இங்கும். காஸ்டிக்கும் சுண்ணாம்பைப் போலக் காரம். பொறுத்திருங்கள், கட்டி ஆற ஆறச் செம்மண் நிறத்துக்கும், பிறகு மங்கிய மஞ்சளுக்கும் திரும்பும். ஈரோட்டு மஞ்சளின் நிறம் அப்படியே நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வெளிச்சம் பட்டால் அதுவும் வெளுக்கும், ஆகவே ஜன்னலோரம் அடுக்காதீர்கள். நிலைத்த மஞ்சள் வேண்டுமானால் அழகுப்பொருளுக்கென விற்கும் இரும்பு ஆக்சைடு மஞ்சள்தான் கைகொடுக்கும்.

### பீட்ரூட், செம்பருத்தி, ரோஜா எல்லாம் பழுப்பாகின்றன

ஆகத்தான் செய்யும். செம்பருத்திப் பொடியில் சிவப்பு கிடைத்தது என்று யாராவது படம் போட்டிருந்தால் அதில் வேறு சாயமும் இருக்கும். சிவப்புக்குச் செங்களிமண், கறுப்புக்கு மரக்கரித் தூள், நீலத்துக்கு அவுரிப் பொடி. இந்த மூன்றும் காரத்தில் நிற்பவை. கேசரிப் பவுடரும் துணிச்சாயமும் கடைத்தெருக் குங்குமமும் வேண்டாம். முதலாவது நிறம் மாறும், மற்ற இரண்டிலும் தோலுக்கு ஆகாத எது இருக்கும் என்று தெரியாது.

சத்தியமங்கலம் பூ மார்க்கெட்டிலிருந்து வாங்கிவந்த மல்லிகையைச் சோப்புக்குள் புதைத்தால் ஒரு வாரத்தில் காய்ந்த தேயிலை நிறம். சம்பங்கியும் அப்படியே. ஈரம் உள்ள பூ என்றால் பூசணமும் சேரும். செண்டுமல்லியின் மஞ்சள் இதழ் மட்டும் நன்றாக உலர்த்திப் போட்டால் ஓரளவு நிறம் காக்கும். மற்றப் பூக்களை உள்ளே போடாமல், காய்ந்து முடிந்த கட்டியின் மேல் வைத்து நூல் சுற்றிப் பரிசாகக் கொடுங்கள். குளிக்கும் முன் எடுத்துவிடுவார்கள், சாக்கடையும் அடைக்காது.

### வெள்ளையாக ஊற்றியது தேன் நிறமாகிறது

வாசனையில் வெனிலா இருக்கிறதா என்று பாட்டிலைப் பாருங்கள். இருந்தால் பழுப்பாவதை நிறுத்த முடியாது. அதையே காபி, சாக்லேட் வண்ணமாகத் திட்டமிட்டுக்கொள்வதுதான் வழி.

## காயும் தட்டில்

### மேலே வெள்ளைப் பொடி

நாக்குச் சோதனையில் (‘வெட்டும்போது உதிர்கிறது’ தலைப்பில் சொன்னது) சுரீர் இல்லை என்றால் அது காற்றிலுள்ள கரியமில வாயுவும் காரமும் சேர்ந்து உண்டான சலவைச் சோடாப் படிவம். தீங்கில்லை. இட்லிச் சட்டியிலிருந்து கிளம்பும் ஆவியில் சில விநாடி காட்டினால் மறையும், அல்லது கத்தியால் சீவிவிடலாம். அடுத்த முறை ஊற்றிய கையோடு அச்சின் மேல் பிளாஸ்டிக் தாளை ஒட்டினாற்போல் மூடி இரண்டு நாள் விடுங்கள். தண்ணீரை 300லிருந்து 275க்குக் குறையுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக்காற்று அடிக்கும் மாதங்களில் பொள்ளாச்சி, பல்லடம் பக்கம் புதுச் சோப்பை ஜன்னல் திறந்த அறையில் வைக்கவே வேண்டாம். விசைத்தறி ஓடும் தெருவில் வீடு என்றால் பஞ்சுத் தூசியும் வந்து ஒட்டும். அதற்கு மருந்து மூடி போட்ட அட்டைப்பெட்டி மட்டுமே.

### காவிப் புள்ளிகள், சிக்கு வாடை

சோப்பாகாமல் நின்ற எண்ணெய் சிக்கடித்துவிட்டது. புள்ளி கொஞ்சம் என்றால் சீவிவிட்டு உடனே பயன்படுத்துங்கள். பரவியிருந்தால் கட்டி போய்விட்டது. மற்றவற்றோடு அடுக்கி வைக்காதீர்கள்.

கட்டி எதன் மேல் காய்ந்தது? இரும்புக் கம்பித் தட்டு என்றால் மூங்கில் தட்டுக்கு மாறுங்கள். கம்பி பட்ட இடத்தில் வரிசையாகப் புள்ளி விழுந்திருப்பதைப் பார்த்தாலே தெரியும். கரைசலுக்கு என்ன தண்ணீர்? ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் இரும்புச்சத்து இருந்தால் அது சிக்கடிப்பதை விரைவுபடுத்தும். பேட்டரிக்கு ஊற்றும் வாலைவடி நீர் சில ரூபாய்தான், அதை வாங்குங்கள். இரண்டும் சரி என்றால் எண்ணெயை முகர்ந்து பாருங்கள். பண்டிகைக்குப் பொரித்து மிச்சமான கடலையெண்ணெயைச் சோப்பில் தள்ளிவிடும் வழக்கம் நிறைய வீடுகளில் உண்டு. அந்தக் கட்டி சீக்கிரமே காவிப்புள்ளி போடும். செக்கிலிருந்து வந்த எண்ணெயைச் சில நாள் தெளியவைத்து, அடிக்கசடு இல்லாமல் மேலாக எடுங்கள். சூரியகாந்தி எண்ணெயைக் குறைத்துக்கொள்வதும் நல்லது.

### கட்டி வியர்க்கிறது

ஐப்பசி, கார்த்திகை மழை. கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுக்கிறது. துடைத்துவிட்டு மின்விசிறிக் காற்றில் வையுங்கள். வழக்கமான நான்கு முதல் ஆறு வாரத்தோடு இன்னும் ஒன்றிரண்டு வாரம் கூட்டிக் காயவிட வேண்டியிருக்கும்.

## உருக்கி ஊற்றும் சோப்பில் மட்டும் வரும் கோளாறுகள்

ஆயத்தச் சோப்புக்கட்டியை வாங்கி உருக்கி அச்சுப் பொம்மை, கண்ணாடிச் சோப்பு செய்கிறவர்களுக்குக் காஸ்டிக் தொல்லை இல்லை. வேறு தொல்லைகள் உண்டு.

அடுக்குகள் பிரிந்து கழன்றால் கீழ் அடுக்கு முழுக்கக் குளிர்ந்துவிட்டது என்று பொருள். மேலே ஆடை கட்டி, உள்ளே இளஞ்சூடு இருக்கும்போதே அடுத்ததை ஊற்ற வேண்டும். ஊற்றும் முன் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு தெளிப்பு. அதே தெளிப்பு மேற்பரப்புக் குமிழ்களையும் உடைக்கும். அடுப்பு எரியும் இடத்தில் தெளிக்காதீர்கள். மினுமினுப்புத் தூள் அடியில் இறங்கினால் ஊற்றும் சூடு அதிகம். 50 டிகிரிக்குப் பக்கத்தில், கொஞ்சம் கெட்டியானபின் ஊற்றுங்கள். வண்ணம் அடுத்த அடுக்கில் கசிந்தால் நீரில் கரையும் சாயம் போட்டிருப்பீர்கள். மைக்கா தூளுக்கு மாறுங்கள், அது நகராது. வியர்வைத் துளிகளுக்கு வெட்டிய அன்றே உறையிட்டு ஒட்டிவிடுவதைத் தவிர வேறு வழி இல்லை.

கொதிக்கவிட்ட சோப்புக்கட்டி ரப்பர்போல இழுபட்டால் நீர் வற்றிவிட்டது. அதை மீட்பதைவிடப் புதிதாக ஒரு துண்டு எடுத்துக்கொள்வது மேல்.

## குளியலறையில்

### நுரையே இல்லை, தலையில் பிசுக்கு நிற்கிறது

அதே கட்டியை வடிகட்டிய தண்ணீரில் தேய்த்துப் பாருங்கள். நுரைத்தால் குற்றம் கட்டியில் இல்லை, தண்ணீரில். சிறுவாணித் தண்ணீர் வரும் கோவை வீட்டில் கையளவு நுரை தரும் சோப்பு, உப்பு ஏறிய ஆழ்குழாய்த் தண்ணீரில் திரிதிரியாகத் திரளும். தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து உண்டாக்கும் படிவம் அது. செய்முறையை மாற்றித் தீர்க்க முடியாது. உறவினர்களுக்குப் பரிசு அனுப்பும் முன் அவர்கள் வீட்டில் என்ன தண்ணீர் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

### வாசனை ஒரு மாதத்தில் பறந்துவிட்டது

எலுமிச்சை, ஆரஞ்சுத் தைலம் என்றால் பறக்கத்தான் செய்யும். எலுமிச்சம்புல் தைலம் நன்றாக நிற்கும். நீலகிரித் தைலம் முதலில் மூக்கைத் துளைத்துப் பிறகு அடங்கிவிடும். வேப்பெண்ணெய் நெடியை எந்த வாசனையாலும் மறைக்க முடியாது; அதன் அளவைக் குறையுங்கள்.

### குளித்தபின் தோல் இழுக்கிறது, அரிக்கிறது

இழுப்பு மட்டும் என்றால் தேங்காயெண்ணெய் பங்கு அதிகம். அதைக் குறையுங்கள், அல்லது முழுத் தேங்காயெண்ணெய்ச் சோப்புக்குக் காஸ்டிக்கைத் தேவையைவிட 15 முதல் 20 சதவீதம் குறைத்துப் போடுங்கள். அரிப்பு என்றால் முதலில் ‘வெட்டும்போது உதிர்கிறது’ தலைப்பில் சொன்ன நாக்குச் சோதனை. சுரீர் இல்லாவிட்டால் வாசனையோ மூலிகைப் பொடியோ ஒத்துக்கொள்ளவில்லை. எந்த வாசனையும் இல்லாத கட்டி ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். தடிப்போ கொப்புளமோ வந்தால் சோப்பை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். போகும்போது கட்டியோடு, அதில் போட்டவை அனைத்தையும் எடையோடு எழுதிய சீட்டும் கையில் இருக்கட்டும்.

காசு வாங்கிக்கொண்டு கொடுத்த கட்டியில் இப்படி நடந்தால் கதை வேறு. சட்டத்தின் கண்ணில் குளியல் சோப்பு அழகுசாதனப் பொருள். விற்பதற்காகத் தயாரிக்க 2020ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளின்படி உரிமம் வேண்டும். முதல் ஆர்டர் வாங்கும் முன்பே மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள்.